உங்கள் பெயரை நீங்களே தேடிப் பார்த்ததுண்டா?



ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தேன். உள்ளே ஒரு தாய் எனது மனைவியோடு அமர்ந்திருந்தார். பல வருடங்களுக்கு முன்னர் என்னிடம் இஸ்லாம் பாடம் படித்த ஒரு மாணவியின் உம்மா அவர். முன்னால் வைத்த தேநீர் ஆறிப் போயிருந்தது.

"மௌலவி, மகளுக்கு ஒரு நல்ல இடத்திலிருந்து பேசி வந்தாங்க. எல்லாம் சரியாத்தான் போச்சு. போன கிழமை திடீரெண்டு 'இப்ப வேணாம், பொறகு பாப்பம்' எண்டு சொல்லிட்டாங்க. ஏனெண்டு தரகர்கிட்ட கேட்டா, மாப்பிள்ளைட ராத்தா போன்ல மகள்ட பேரைப் போட்டுப் பாத்தாவாம், என்னமோ வீடியோ எல்லாம் வருதாம். எங்கட பிள்ளை அப்படியெல்லாம் ஒண்டும் போட்டதே இல்ல மௌலவி."

சொல்லி முடிக்கும் முன்பே அவருக்கு அழுகை வந்து விட்டது.

நான், மனைவி, அந்தத் தாய் மூவரும் இருந்து அந்தப் பிள்ளையின் பெயரைக் கூகுளில் இட்டுத் தேடினோம். முதலில் வந்தவை ஒரு பெண்ணின் வீடியோக்கள். அது அவரது மகள் அல்ல. முகம் வேறு, ஊர் வேறு, வயதும் வேறு. பெயர் மட்டுமே ஒன்று. அந்தப் பெண் யார் என்று எமக்குத் தெரியாது. அவளும் யாரோ ஓர் உம்மாவின் மகள். அவளைப் பற்றிப் பேச எமக்கு எந்த உரிமையும் இல்லை.

அடுத்து, பாடசாலைப் பரிசளிப்பு விழாவின் ஒரு போட்டோ. அதில் இருந்தது இவரது மகள்தான். மூன்றாவதாக வந்ததைப் பார்த்துத்தான் நான் திடுக்கிட்டேன். ஏதோவொரு பயிற்சி நெறிக்கு விண்ணப்பித்தவர்களின் பட்டியல் அது. முழுப் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கம், தேசிய அடையாள அட்டை இலக்கம் அனைத்தும் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. யாரும் திறந்து பார்க்கலாம்.

வீடியோவில் இருப்பது தனது மகள் அல்ல என்றதும் நிம்மதிப் பெருமூச்சு விட்ட அந்தத் தாய், பட்டியலைக் கண்டதும் மீண்டும் மௌனமானார். "இதெல்லாம் எப்படி மௌலவி எல்லாருக்கும் தெரியிற மாதிரி வந்திச்சு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதன் பின்னர் தேடிப் படித்து அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

என் பெயரில் நான் கண்டவை

அன்றிரவு பிள்ளைகள் உறங்கிய பின்னர் எனது பெயரையும் இட்டுப் பார்த்தேன். நான்கு விடயங்கள் கிடைத்தன.

ஒன்று, நான் ஓதிய அரபுக் கல்லூரியின் பழைய மாணவர் பட்டியல். அதில் நான் எப்போதோ கைவிட்ட ஒரு தொலைபேசி இலக்கம் இருந்தது. இன்று அந்த இலக்கம் யாரிடம் இருக்கிறதோ தெரியாது. என்னைத் தேடி அழைப்பவர்களுக்கு அந்த மனிதர் எத்தனை முறை பதில் சொல்லியிருப்பாரோ!

இரண்டு, எனது பெயரையே கொண்ட வேறொருவர் ஒரு வழக்கில் சிக்கிய செய்தி. படம் இல்லை. என்னை நேரில் அறியாத ஒருவர் படித்தால் அது நான் என்றே நினைப்பார்.

மூன்று, பல வருடங்களுக்கு முன் ஒரு ரமழானில் நான் செய்த பயானின் ஒலிப்பதிவு. யாரோ ஒரு சகோதரர் நல்ல எண்ணத்தோடு யூடியூபில் ஏற்றியிருக்கிறார். அதில் ஒருவரின் கூற்றை இன்னொருவரின் பெயரில் தவறாகச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தவறை நான் பின்னர் அறிந்து திருத்திக் கொண்டேன். ஆனால் ஒலிப்பதிவு திருந்தவில்லை. இன்றும் அதே தவறைச் சொல்லிக் கொண்டிருக்கிறது.

நான்காவதுதான் எனக்கு வலித்தது. ஒரு பெருநாள் பிறை சர்ச்சையின்போது வேறொரு மௌலவியைப் பற்றி நான் பேஸ்புக்கில் எழுதிய நாலு வரிகள். கோபத்தில் எழுதியவை. எழுதியதையே நான் மறந்து விட்டேன். எழுதியவன் மறந்தாலும் எழுத்து மறக்கவில்லை. எனது மாணவர்களில் எத்தனை பேர் அதைப் படித்தார்களோ! வகுப்பில் நாவைப் பேணுவது பற்றி நான் பாடம் நடத்தும்போது அவர்கள் மனதுக்குள் என்ன நினைத்திருப்பார்களோ!

அதனை உடனே அழித்தேன். மறுநாள் அந்த மௌலவிக்குத் தொலைபேசி எடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "அது எனக்கு அப்பவே தெரியும். நீங்க எடுப்பீங்க எண்டு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். இத்தனை வருடங்கள்!

இது புதிய வழக்கமல்ல

தன் பெயரைத் தானே தேடுவது ஏதோ வீண் பெருமைக்காரர்களின் வேலை என்று நாம் நினைக்கலாம். 1995ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் 'வயர்ட்' சஞ்சிகை இதற்கு 'ஈகோ சேர்பிங்' என்றொரு பெயரை அச்சிட்டது. 'தற்பெருமைத் தேடல்' என்ற கேலி அந்தப் பெயரிலேயே இருக்கிறது. கூகுள் நிறுவனம் தொடங்கப்பட்டதே அதற்குப் பின்னர், 1998இல்தான்.

ஆனால் காலம் மாறியது. அமெரிக்காவின் பியூ ஆய்வு நிறுவனம் 2002இல் கணக்கெடுத்தபோது, இணையம் பாவிப்போரில் 22 வீதத்தினரே தமது பெயரைத் தேடிப் பார்த்திருந்தனர். 2007இல் அந்நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில் அது 47 வீதமாக உயர்ந்திருந்தது. தொழில் கொடுப்பவர், வீடு வாடகைக்குக் கொடுப்பவர், பெண் கேட்டு வருபவர் எல்லோரும் தேடத் தொடங்கிய பின்னர், அவர்கள் காண்பதை நாம் முன்கூட்டியே பார்த்து வைப்பது பெருமையல்ல. வாசலில் குப்பை கிடக்கிறதா என்று விருந்தினர் வரும் முன் பார்ப்பதைப் போன்றதுதான் இது.

தேடுபொறி எப்படி வேலை செய்கிறது?

பலர் நினைப்பது போன்று கூகுளுக்குள் நமது விபரங்கள் எழுதி வைக்கப்பட்டிருப்பதில்லை. தேடுபொறி என்பது ஒரு பெரிய நூலகத்தின் அட்டவணை போன்றது. அதன் இயந்திரங்கள் இரவு பகலாக இணையத்தளங்களுக்குள் சென்று, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறித்துக் கொள்கின்றன. நாம் ஒரு பெயரைக் கேட்டதும் அந்தக் குறிப்பை எமக்குக் காட்டுகின்றன.

இதிலிருந்து நாம் இரண்டு விடயங்களை விளங்கிக் கொள்ள வேண்டும்.

முதலாவது, அட்டவணையில் இருந்து ஒரு வரியை நீக்கினாலும் புத்தகம் இறாக்கையில் அப்படியே இருக்கும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது அந்தப் பக்கத்தை வெளியிட்டவரிடம். அவர் நீக்கினால், சில நாட்களிலோ வாரங்களிலோ தேடுபொறியிலிருந்தும் மறைந்து விடும். இருந்தும் எங்காவது பிரதி எஞ்சலாம். 1996இல் தொடங்கப்பட்ட 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்ற நிறுவனம் பழைய இணையப் பக்கங்களைப் பிரதி எடுத்துப் பாதுகாப்பதையே பணியாகக் கொண்டிருக்கிறது. 2001 முதல் அவற்றை யாரும் பார்க்கலாம்.

இரண்டாவது, அந்த இயந்திரத்துக்கு எழுத்துத்தான் தெரியும், மனிதரைத் தெரியாது. ஒரே பெயரில் நூறு பேர் இருந்தால் நூறு பேரையும் ஒன்றாகக் கொட்டி விடும். இவர் வேறு, அவர் வேறு என்று பிரித்தறியும் பொறுப்பு பார்ப்பவருடையது.

மறக்கப்பட விரும்பிய மனிதர்

ஸ்பெயின் நாட்டில் மாரியோ கொஸ்தெஹா கொன்ஸாலெஸ் என்றொருவர். சமூகப் பாதுகாப்பு நிதிக்கு அவர் செலுத்த வேண்டியிருந்த கடனுக்காக அவரது சொத்து ஏலத்துக்கு வந்தது. அதற்கான அறிவித்தல் 1998இல் பார்சிலோனாவின் 'லா வன்குவார்தியா' பத்திரிகையில் வெளியானது. சில வரிகள் கொண்ட சிறிய விளம்பரம் அது. காகிதப் பத்திரிகையோடு நின்றிருந்தால் அடுத்த வாரமே எல்லோரும் மறந்திருப்பர்.

பின்னர் அப்பத்திரிகை தனது பழைய இதழ்களைக் கணனி மயமாக்கி இணையத்தில் இட்டது. கடன் விவகாரம் எப்போதோ தீர்ந்து விட்டது. ஆனாலும் அவரது பெயரைக் கூகுளில் தேடுபவர் கண்ணில் பழைய ஏல அறிவித்தலே பட்டது.

அவர் 2010இல் ஸ்பெயினின் தகவல் பாதுகாப்பு அதிகார சபையிடம் முறையிட்டார். சட்டப்படி வெளியான அறிவித்தல் என்பதால் பத்திரிகைக்கு எதிரான முறைப்பாடு ஏற்கப்படவில்லை. கூகுளுக்கு எதிரானது ஏற்கப்பட்டது. வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை சென்றது. 2014 மே 13ஆம் திகதி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவரின் பெயரைத் தேடும்போது வரும் தகவல் காலம் கடந்ததாக, பொருத்தமற்றதாக, அளவு மீறியதாக இருந்தால், அதனைத் தேடல் முடிவுகளிலிருந்து நீக்குமாறு தேடுபொறியிடமே கேட்க அவருக்கு உரிமை உண்டு. பொதுமக்கள் அறிய வேண்டிய பொது வாழ்வு உடையவர் என்றால் மட்டும் அது வேறு விதமாக நோக்கப்படும். 'மறக்கப்படும் உரிமை' என்று உலகம் இதனை அழைக்கிறது. அதே மாத இறுதியில் கூகுள் இதற்கான விண்ணப்பப் படிவத்தை வெளியிட்டபோது, முதல் நாளிலேயே சுமார் 12,000 பேர் விண்ணப்பித்தனர்.

எத்தனை மனிதர்களின் உள்ளத்தில் எத்தனை பழைய பாரங்கள் இருந்திருக்கின்றன என்பதை அந்த எண்ணிக்கை காட்டுகிறது. இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. மறக்கப்பட விரும்பி வழக்காடிய அந்த மனிதரின் கடன் கதையை இன்று உலகெங்கும் சட்டம் படிக்கும் மாணவர்கள் மனனமிடுகிறார்கள்!

இந்த உரிமை ஐரோப்பாவின் எல்லைக்குள் உரியது. உலகம் முழுவதிலும் நீக்க வேண்டிய கட்டாயம் கூகுளுக்கு இல்லை என்று அதே நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது.

ஒரு காலைப் பொழுதில்

மற்றொரு சம்பவம் எமது நாட்டோடு சம்பந்தப்பட்டது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி நடந்த உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களை நாம் யாரும் மறக்க முடியாது. நான்கு நாட்களின் பின், ஏப்ரல் 25ஆம் திகதி, பொலிஸார் தேடப்படுவோரின் புகைப்படங்களை வெளியிட்டனர். அதில் ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே போடப்பட்டிருந்த படம் அவருடையதல்ல. அமெரிக்காவில் வாழும் அமாரா மஜீத் என்ற இளம் பெண்ணின் படம் அது.

அமாரா, இலங்கையிலிருந்து சென்று குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். அப்போது பிரவுண் பல்கலைக்கழகத்தில் படித்துக் கொண்டிருந்தார். ஹிஜாப் அணியும் பெண்கள் பற்றிய தப்பபிப்பிராயங்களை நீக்குவதற்காகப் பதின்ம வயதிலேயே எழுதியவர், உழைத்தவர். அன்று காலை கண் விழித்தபோது, பயங்கரவாதச் சந்தேகநபர் என்று அவரது முகம் உலகெங்கும் பரவியிருந்தது. பொலிஸார் தவறை ஏற்றுத் திருத்தினர். எனினும் அதற்கிடையில் அந்தப் படம் எத்தனை கைகளுக்குச் சென்றிருக்கும்! தனக்கு மிரட்டல்கள் வந்ததாகவும், இலங்கையிலுள்ள தனது உறவினர்களை எண்ணிப் பயந்ததாகவும் அவர் பின்னர் கூறினார்.

சகோதரிகளே, அந்த நாட்களில் வட்ஸ்அப்பில் வந்த படங்களை நாமும் பார்த்தோம். எம்மில் எத்தனை பேர் அவற்றை அடுத்தவருக்கு அனுப்பினோம்? பிழையான படத்தை அனுப்பியவர்களில் எத்தனை பேர் திருத்தத்தையும் அனுப்பினோம்? இந்தக் கேள்விக்கான பதிலை அவரவர் தமக்குள்ளேயே சொல்லிக் கொள்ளட்டும்.

ஒரே பெயர், வேறு மனிதர்

பெயர் மயக்கம் எமது சமூகத்தில் மிக அதிகம். எம்மிடையே பாத்திமா என்று தொடங்காத பெண் பெயர்களும் முஹம்மத் என்று தொடங்காத ஆண் பெயர்களும் குறைவு. போதாக்குறைக்கு ஒரே பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு 'எம்' போட்டு எழுதுகிறார், இன்னொருவர் இரண்டு 'எம்' போட்டு எழுதுகிறார். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், பாடசாலையில் ஒரு விதம், கடவுச்சீட்டில் இன்னொரு விதம்.

இந்த மயக்கத்தை ஹதீஸ் கலை அறிஞர்கள் ஆயிரம் வருடங்களுக்கு முன்னரே சந்தித்தார்கள். ஒரே பெயரும் ஒரே தந்தை பெயரும் கொண்ட பல அறிவிப்பாளர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் நம்பகமானவராகவும் மற்றவர் பலவீனமானவராகவும் இருப்பார். இருவரையும் கலந்து விட்டால் ஒன்றில் நல்லவருக்கு அநியாயம், அல்லது தவறான செய்தி மார்க்கமாகி விடும். ஆகவே இதற்கென்றே ஒரு தனிக் கலையை வளர்த்தார்கள். ஹிஜ்ரி 463இல் மரணித்த அல்கதீப் அல்பக்தாதி, பெயர் ஒத்து ஆள் வேறுபட்டவர்களைப் பிரித்தறிவதற்காகவே 'அல்முத்தபிக் வல்முப்தரிக்' என்ற நூலை எழுதினார். குன்யத், ஊர், ஆசிரியர், மாணவர், பிறந்த காலம், மரணித்த காலம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்ட பின்னரே "இவர்தான் அவர்" என்று கூறினார்கள்.

அரபுக் கல்லூரியில் இந்தப் பாடத்தை நாம் ஓதியபோது, வீட்டு வாழ்க்கைக்கு இதனால் என்ன பயன் என்று எண்ணியதுண்டு. அந்தத் தாய் எனது வீட்டுக்கு வந்த அன்றுதான் அதன் பயனை உணர்ந்தேன். ஒரு பெயரைப் போன்ல இட்டு, முதலில் வந்த வீடியோவைப் பார்த்து ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தீர்மானிப்பதற்கு முன்னர், குறைந்த பட்சம் ஊரையும் வயதையும் தகப்பன் பெயரையுமாவது ஒப்பிட்டிருக்கலாம் அல்லவா?

அடையாள அட்டை இலக்கம் சொல்லும் இரகசியம்

அந்தப் பட்டியலைக் கண்டு நான் ஏன் திடுக்கிட்டேன் என்பதையும் கூறி விடுகிறேன். எமது அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கமல்ல. பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்று எண்கள் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் பிறந்தவர் என்பது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்படும். பெப்ரவரி முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 032, பெண்ணுக்கு 532. புதிய 12 இலக்க அட்டையிலும் இதே முறைதான். வருடம் மட்டும் நான்கு எண்களாக இருக்கும். ஆகவே இலக்கம் தெரிந்தால் ஆணா பெண்ணா, எந்த நாளில் பிறந்தவர் என்பதும் தெரியும். முகவரியும் தொலைபேசியும் அதனோடு சேர்ந்தால், ஏமாற்றுக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? "நாங்கள் வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்று தொடங்குபவன் பிறந்த திகதியையும் சரியாகச் சொன்னால் எமது உம்மாமார் நம்பி விடுவார்கள்.

எமது நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஒரு நிறுவனம் எம்மைப் பற்றி வைத்திருக்கும் தகவலைக் கேட்டறியவும், பிழையைத் திருத்தவும், குறித்த சந்தர்ப்பங்களில் அழிக்கச் சொல்லவும் அது உரிமை கூறுகிறது. ஒரே நாளில் அன்றி, கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வரும் விதத்திலேயே அது அமைக்கப்பட்டது. ஒன்றை இங்கு கவனிக்க வேண்டும். ஒருவர் தனது சொந்த, வீட்டுத் தேவைக்காக மட்டும் வைத்திருக்கும் தகவல்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. குடும்பத்துக்குள் நாமே எடுக்கும் போட்டோக்களுக்கு நாமேதான் காவல்.

வீட்டில் இருந்தே செய்யக் கூடியவை

ஒரு விடுமுறை நாளில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் கூட வைத்துக் கொள்ளுங்கள். எம்மை விட அவர்களுக்கு இது நன்கு தெரியும்.

உங்கள் முழுப் பெயரை மேற்கோள் குறிகளுக்குள் இட்டுத் தேடுங்கள். அப்போது அந்தப் பெயர் அதே வரிசையில் வருபவை மட்டும் கிடைக்கும். பின்னர் ஊர் பெயரையோ படித்த பாடசாலையின் பெயரையோ சேர்த்துத் தேடுங்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் தேடுங்கள். ஆங்கிலத்தில் உங்கள் பெயரை எழுதக் கூடிய எல்லா விதங்களிலும் எழுதிப் பாருங்கள். படங்களுக்கான பகுதியைத் தனியாகப் பாருங்கள். உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து வெளியேறித் தேடுவது நல்லது. அப்போதுதான் ஓர் அந்நியர் காண்பதை நீங்களும் காண்பீர்கள். அடுத்ததாகக் கணவர், பிள்ளைகள், வயதான பெற்றோர் ஆகியோரின் பெயர்களையும் தொலைபேசி இலக்கங்களையும் தேடுங்கள்.

தவறானது அல்லது தேவையற்றது கிடைத்தால், முதலில் அந்தப் பக்கத்தின் முகவரியைக் குறித்து, திரையைப் படம் பிடித்து வைத்துக் கொள்ளுங்கள். பின்னர் வெளியிட்டவருக்குப் பணிவாக எழுதுங்கள். அந்தப் பயிற்சி நிலையத்துக்கு நாம் எழுதியபோது, அங்கிருந்தவர் மன்னிப்புக் கேட்டு மூன்று நாட்களில் பட்டியலை நீக்கினார். யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்கவில்லை. கவனயீனம்தான் இருந்தது.

வெளியிட்டவர் கேட்காவிட்டால் தேடுபொறியிடம் கேட்கலாம். வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கம் போன்றவற்றைத் தேடல் முடிவிலிருந்து நீக்குமாறு விண்ணப்பிக்க 2022 முதல் கூகுள் வழி வைத்திருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் படத்தைப் படத் தேடலிலிருந்து நீக்குமாறு பிள்ளையோ பெற்றோரோ கேட்பதற்கு 2021 முதல் வழியுண்டு.

ஒருவரின் அந்தரங்கப் படத்தை வைத்து யாராவது மிரட்டினால், பணம் கொடுக்க வேண்டாம். தனியாக அழவும் வேண்டாம். வயது வந்தவர்களுக்கு 'ஸ்டொப் என்.சீ.ஐ.ஐ.' என்ற சேவை 2021இலும், சிறுவர்களுக்கு 'டேக் இட் டவுன்' என்ற சேவை 2023இலும் தொடங்கப்பட்டன. அங்கு படத்தை அனுப்ப வேண்டியதில்லை. படத்திலிருந்து ஒரு குறியீடு உங்கள் தொலைபேசியிலேயே உருவாகி, அது மட்டுமே செல்லும். அதனை வைத்து, இணைந்திருக்கும் நிறுவனங்கள் அப்படம் பரவுவதைத் தடுக்கின்றன. எமது நாட்டில் பெண்களுக்கான உதவிக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 ஆகிய இலக்கங்கள் உள்ளன. பொலிஸிலும் முறையிடலாம். எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. "உம்மாகிட்ட சொன்னா ஏசுவா" என்ற பயம் பிள்ளைக்கு இல்லாதபடி வீட்டை வைத்திருங்கள். மிரட்டுபவனின் பலமே அந்தப் பயம்தான்.

கடைசியாக, நாமே போட்டவற்றைப் பாருங்கள். பேஸ்புக்கில் பழைய பதிவுகளை நண்பர்களுக்கு மட்டும் என்று ஒரேயடியாக மாற்றும் வசதி இருக்கிறது. பிள்ளையின் பெயர், பாடசாலை, வகுப்பு தெரியும் பெறுபேற்றுத் தாளைப் பெருமையோடு போட்டிருந்தால் எடுத்து விடுங்கள். பிள்ளை வளர்ந்த பின்னர் அது அவனுடைய பெயரின் கீழ் வரும். அவனிடம் நாம் அனுமதி கேட்கவில்லை.

அடுத்தவர் பெயரைத் தேடும்போது

எமது பெயரைத் தேடுவது ஒன்று. அடுத்த வீட்டாரின் பெயரைத் தேடுவது வேறு. கலியாணம் பேசும்போது விசாரிப்பது தவறல்ல, அது அவசியமும் கூட. ஆனால் விசாரிப்பதற்கும் துருவுவதற்கும் ஒரு கோடு இருக்கிறது. கெட்ட எண்ணம் கொள்வது, துருவித் துருவி ஆராய்வது, புறம் பேசுவது ஆகிய மூன்றையும் ஸூரதுல் ஹுஜுராத் ஒரே வசனத்தில் சேர்த்துத் தடுத்திருப்பதை நாம் சிந்திக்க வேண்டும். ஒன்று மற்றதை இழுத்து வரும். சந்தேகம் தேடச் செய்யும், தேடிக் கண்டது பேசச் செய்யும். செய்தி வந்தால் தெளிவுபடுத்திக் கொள்ளுமாறு கூறுவதும் அதே ஸூராதான்.

ஏதாவது கண்ணில் பட்டால் அந்த வீட்டாரிடமே நேராகக் கேளுங்கள். "இப்படி ஒன்று பார்த்தோம், இது உங்கள் பிள்ளையா?" என்ற ஒரு கேள்வி போதும். தரகரிடம் சொல்லி ஊருக்குள் விடுவது அமானிதம் அல்ல.

அந்தத் தாயின் கதையை முடிக்கவில்லை. நான் தரகர் மூலமாக அன்றி நேரடியாகவே மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரைச் சந்தித்து விடயத்தை விளக்கினேன். அவர் மிகவும் மனம் வருந்தினார். இரண்டு நாட்களில் மாப்பிள்ளையின் உம்மா பெண் வீட்டுக்கே வந்து, "நாங்க அவசரப்பட்டுட்டம், மாப் பண்ணுங்க. திரும்பப் பேசுவம்" என்று கேட்டார்.

பெண்ணின் உம்மாவுக்கு நல்ல சந்தோசம். ஆனால் மகள் சம்மதிக்கவில்லை. "அவங்கள மாப் பண்ணிட்டேன் உம்மா. ஆனா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம முடிவெடுத்த வீடு எனக்கு வேணாம்" என்று சொல்லி விட்டாளாம்.

தாய் மீண்டும் எனது வீட்டுக்கு வந்தார். "நீங்க ஒருக்கா எடுத்துச் சொல்லுங்க மௌலவி" என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். அந்தப் பிள்ளை சொன்னதில் எனக்குப் பிழை தெரியவில்லை. அதையே தாயிடமும் கூறினேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்னர் தேநீரைக் குடித்து விட்டு எழுந்து சென்றார்.

வல்ல அல்லாஹ் எம் அனைவரின் மானத்தையும், எம்மிடமிருந்து அடுத்தவர் மானத்தையும் பாதுகாப்பானாக.